சங்கு ஊதினால் குறட்டை நிற்குமா? வாய்க்கும் தொண்டைக்கும் பயிற்சி வந்த கதை



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டீ போட்டு வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்க.

2025 ஆகஸ்டு மாதத்திலிருந்து ஒரு செய்தி நம்ம ஆலய வாட்ஸ்அப் குழுவில் சுற்றிச் சுற்றி வருகிறது. தினமும் சங்கு ஊதுங்கள், குறட்டை ஓடிவிடும், மெஷினே தேவையில்லை, நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று. சங்கு படம், பின்னால் ஒரு ஒளிவட்டம். வாரம் ஒருத்தராவது அதை அனுப்பிவிடுகிறார். அந்தச் செய்தியில் பாதி உண்மை. ஜெய்ப்பூரில் ஒரு மருத்துவ ஆய்வு நடந்தது உண்மை. "மெஷினே தேவையில்லை" என்பது வழியில் யாரோ சேர்த்த மசாலா. அந்த மசாலாவை நம்பி, டாக்டர் கொடுத்த மூச்சு மெஷினை இரண்டு அன்பர்கள் அலமாரி மேலே ஏற்றி வைத்துவிட்டதாக அன்னதான வரிசையிலேயே எங்கள் காதுக்கு வந்தது. அதில் ஒருவர் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். அதனால்தான் எழுத உட்கார்ந்தோம்.

நாங்கள் டாக்டர் இல்லை. பகலில் பேக்டரி, சாயந்திரம் ஆலயம். ஆனால் பேக்டரியில் இத்தனை வருஷம் ஷிப்ட் பார்த்ததில் தூக்கம் என்ன செய்யும் என்று கண்ணால் கண்டிருக்கிறோம். விடியற்காலை மூணு மணிக்கு நின்றபடியே கண் சொக்கும் ஆள், தன் வீட்டில் எட்டு மணி நேரம் படுத்தவராகத்தான் இருப்பார். கேட்டால், "நல்லாத்தானே தூங்கினேன்" என்பார்.

குறட்டை என்றாலே நமக்குச் சிரிப்பு. தைப்பூசத்துக்கு முதல் நாள் ராத்திரி தொண்டர்கள் மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தால், ஒரு மூலையில் மரம் அறுக்கிற சத்தம், இன்னொரு மூலையில் பழைய மோட்டார் சைக்கிள். காலையில் அதை வைத்தே கிண்டல் ஓடும். குறட்டை விட்டுத் தூங்குகிறவன் கவலையில்லாத மனுஷன் என்றும் ஒரு பேச்சு உண்டு. ஆனால் உற்றுக் கேட்டால், சிலருடைய சத்தம் திடீர் என்று நின்றுவிடும். பத்து வினாடி, இருபது வினாடி, ஒண்ணும் கேட்காது. அப்பாடா, அடங்கினார் என்று பக்கத்தில் படுத்தவர் திரும்பிப் படுப்பார். அப்புறம் தண்ணிக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவர் மாதிரி ஒரு பெரிய மூச்சு, மறுபடியும் சத்தம். அந்த அமைதிதான் ஆபத்து. சத்தம் இல்லாத நேரத்தில் மூச்சே போகவில்லை.

இது இன்றைக்கு வந்த நோய் இல்லை. தூக்கம் என்றதும் நமக்குக் கும்பகர்ணன் ஞாபகம் வரும். ஆறு மாதம் தூங்கினவனை எழுப்ப அரக்கர்கள் பேரிகை அடித்ததும் சங்கு ஊதியதும் ராமாயணத்தில் இருக்கிறது. அவனுக்கு என்ன வியாதி என்று ஆராய நாங்கள் வரவில்லை, அது வரத்தின் கதை. சரித்திரத்திலேயே ஓர் ஆள் இருந்தார். கருங்கடல் கரையில், இன்றைய துருக்கியில், ஹெராக்ளியா என்ற ஊரை ஆண்ட டயோனிசியஸ். கிறிஸ்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டு. சாப்பாட்டுப் பிரியர், மிகவும் பருத்தவர். தூங்கினால் எழுப்ப முடியாது. மூச்சும் திணறும். அதனால் வைத்தியர்கள் நீளமான மெல்லிய ஊசிகளைச் செய்து வைத்து, அவர் ஆழ்ந்து போகும்போதெல்லாம் விலாவிலும் வயிற்றிலும் குத்துவார்களாம். கொழுப்பைத் தாண்டி உணர்ச்சி உள்ள சதையைத் தொட்டதும் ராஜா விழிப்பார். அலகு குத்திப் பழகிய நமக்கே கேட்கும்போது கூசுகிறது. ஆனால் ஒண்ணு கவனியுங்க: தூங்கும்போது இவருக்கு ஆபத்து, எழுப்பிவிட வேண்டும் என்கிற அளவுக்கு அந்த வைத்தியர்களுக்குப் புரிந்திருக்கிறது.

அதுக்கப்புறம் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் இது கேலிப் பொருளாகவே போனது. இங்கிலாந்தில் சார்லஸ் டிக்கன்ஸ் 1836ல் எழுத ஆரம்பித்த பிக்விக் கதையில் ஜோ என்று ஒரு குண்டுப் பையன் வருவான். கதவைத் தட்டிக்கொண்டே தூங்குவான், நின்றுகொண்டே குறட்டை விடுவான். படித்தவர்கள் சிரித்தார்கள். நூற்றிருபது வருஷம் கழித்து 1956ல் அமெரிக்க டாக்டர்கள் ஒரு நோய்க்கு அந்தக் கதையின் பெயரையே வைத்தார்கள், பிக்விக் நோய் என்று. அவர்களிடம் வந்த நோயாளி ஒரு பெரிய கம்பெனி அதிகாரி, மிகவும் பருமன். வாரா வாரம் சீட்டு ஆடுவாராம். ஒரு நாள் கைக்கு மூணு ஏஸ், ரெண்டு ராஜா வந்து விழுந்திருக்கிறது. காசை வைக்க வேண்டிய நேரத்தில் மனுஷன் சீட்டைக் கையில் பிடித்தபடி தூங்கிவிட்டார். அப்படிப்பட்ட கையை விட்டபோதுதான் தன் உடம்பில் ஏதோ சரியில்லை என்று அவருக்குப் பட்டு, ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார்.

அப்போதும் டாக்டர்கள் உடல் பருமனைத்தான் குறை சொன்னார்கள். தொண்டையை யாரும் பார்க்கவில்லை. 1965ல்தான் பிரான்ஸ் நாட்டில் மார்செய் நகரத்தில் காஸ்டோ என்பவரின் குழுவும், ஜெர்மனியில் பிரைபர்க் நகரத்தில் யூங், கூலோ என்ற இருவரும், தனித்தனியாக, தூங்குகிறவர்கள் உடம்பில் ஒயர்களை ஒட்டி ராத்திரி முழுக்கப் பதிவு செய்து பார்த்தார்கள். மூச்சு திரும்பத் திரும்ப நின்று நின்று வருவதும், ஒவ்வொரு தடவையும் மூளை லேசாக விழித்துக்கொள்வதும் காகிதத்தில் கோடாகத் தெரிந்தது. அதன் பிறகு அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் கில்லெமினோ என்ற டாக்டரும் அவருடன் இருந்தவர்களும் 1970களில் இதற்கு ஒரு கணக்கு கொடுத்தார்கள். பத்து வினாடிக்கு மேல் மூச்சு நின்றால் ஒன்று என்று எண்ணிக்கொள். ஒல்லியானவர்களுக்கும் இது வரும் என்பதும் அப்போதுதான் தெளிவானது. இதைத்தான் இப்போது ஸ்லீப் அப்னியா என்கிறோம்.

ஏன் அடைக்கிறது என்று சொல்லிவிடுகிறோம், அது புரிந்தால்தான் பயிற்சியும் புரியும். மூக்குக்குப் பின்னால் எலும்பு இருக்கிறது. கீழே மூச்சுக்குழாய்க்குக் குருத்தெலும்பு வளையம் இருக்கிறது. நடுவில் தொண்டை மட்டும் வெறும் சதைக்குழாய். விழித்திருக்கும்போது நாக்கையும் தொண்டையையும் சுற்றி இருக்கிற தசைகள் அதைத் திறந்து பிடித்துக்கொள்கின்றன. தூங்கினதும் தசை தளரும், நாக்கு பின்னால் சரியும், உள்நாக்கும் மெல்லண்ணமும் தொங்கும். பாதை குறுகினால் காற்று போகும்போது படபடக்கும், அது குறட்டை. முழுசாக மூடினால் மூச்சு நிற்கும். இன்னொரு விஷயம், நாக்கிலும் கொழுப்பு சேரும். உடம்பு எடை குறைத்தவர்களை அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து 2020ல் வெளியிட்டார்கள். அவர்கள் தூக்கம் தேறியதற்கு நாக்கின் கொழுப்பு கரைந்ததே பெரிய காரணமாக இருந்தது. அன்னதானத்தில் பாயாசம் மூணு தடவை வாங்குகிற அன்பர்கள் கவனத்துக்கு.

இதற்கு முதலில் வந்த வைத்தியம் பயங்கரமானது. 1969ல் கூலோ குழுவினர் நோயாளியின் கழுத்தில் ஓட்டை போட்டார்கள். அடைக்கிற இடத்துக்குக் கீழே வழி திறந்துவிட்டால் மூச்சு நேராகப் போகும். பகலில் மூடி போட்டுப் பேசலாம், ராத்திரி மூடியைத் திறந்து படுக்க வேண்டும். உயிரைக் காப்பாற்றியது, ஆனால் யார்தான் விரும்பிச் செய்துகொள்வார்கள்? ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் 1980ல் வேறு வழி பார்த்தார். வேக்கும் கிளீனர் மோட்டார் இருக்கிறதே, உறிஞ்சுவதற்குப் பதிலாக ஊதவிட்டால்? அந்தக் காற்றைக் குழாய் வழியே மூக்குக்குள் மெல்லிய அழுத்தத்தில் விட்டால், தொண்டை சரியாமல் காற்றே தாங்கிப் பிடிக்கும். ஐந்து நோயாளிகளின் விவரத்தை 1981ல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். நம் அன்பர் அலமாரி மேல் ஏற்றி வைத்த சீபேப் மெஷின் அதன் பேரப்பிள்ளை.

மெஷின் நன்றாக வேலை செய்யும். ஆனால் முகத்தில் மாஸ்க், குழாய், சத்தம், வாய் உலர்வது, மனைவி சிரிப்பது, அவுட்ஸ்டேஷன் போனால் தூக்கிக்கொண்டு போவது. விலையும் சில ஆயிரம் ரிங்கிட். உலகம் முழுக்க எத்தனையோ பேர் வாங்கிய கொஞ்ச நாளில் ஓரம் கட்டிவிடுகிறார்கள். நம் ஆட்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. மெஷின் இல்லாமல் வேறு வழி உண்டா என்று டாக்டர்கள் தேட ஆரம்பித்ததே இதனால்தான்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். வாய்க்கும் நாக்குக்கும் பயிற்சி என்பது குறட்டை வைத்தியத்தில் பிறந்தது இல்லை. வேறு வேலையாக வேறு ஆட்கள் ஆரம்பித்தது.

ஜார்ஜ் கேட்லின் என்று ஓர் அமெரிக்க ஓவியர். 1796ல் பிறந்தவர், வக்கீல் படிப்பு படித்துவிட்டு அதை விட்டார். 1830களில் அமெரிக்காவின் பூர்வகுடி மக்களிடையே ஊர் ஊராகப் போய் அவர்களை ஓவியமாக வரைந்தார். அங்கே தாய்மார்கள் தூங்கும் குழந்தையின் உதட்டை விரலால் சேர்த்து மூடிவிடுவதைப் பார்த்தார். மூக்கால் மூச்சு விடுகிற பழக்கம் சின்னதிலேயே வந்துவிடுகிறது, அதனால்தான் இவர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. 1862ல் அதைப் புத்தகமாகப் போட்டார். வாயைத் திறந்து தூங்குகிறவர்களைக் கோரமாகப் படம் வேறு வரைந்திருந்தார். பிற்பாடு அந்தப் புத்தகம் "வாயை மூடு, உயிரைக் காப்பாற்றிக்கொள்" என்ற பொருள் வரும் தலைப்பில் வந்தது. உலகத்தில் உள்ள பாதி நோய்க்கு வாய் திறந்து தூங்குவதே காரணம் என்கிற மாதிரி எழுதினார், அது மிகை. அந்தக் காலத்து வாட்ஸ்அப் பார்வர்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பார்த்த விஷயம் சரியான விஷயம்.

அடுத்தவர் பல் டாக்டர். பாஸ்டன் நகரத்து ஆல்பிரட் ராஜர்ஸ், பல் வரிசையைச் சரிசெய்கிறவர். கம்பி கட்டிப் பல்லை நேராக்கினாலும் கம்பியை எடுத்ததும் சில பிள்ளைகளுக்குப் பல் பழைய இடத்துக்கே போய்விடுகிறது. ஏன்? உதடும் நாக்கும் கன்னமும் ராத்திரி பகலாகப் பல்லைத் தள்ளுகின்றன. ஆகவே அந்தத் தசைகளையே பழக்கிவிட்டால்? 1918ல் முகத் தசைகளுக்கான பயிற்சிகளை எழுதி வெளியிட்டார். தசைகளே உயிருள்ள பல் கம்பி என்பது அவர் கருத்து. குறட்டையைப் பற்றி அதில் பேச்சில்லை. அது பல்லுக்காக வந்த பயிற்சி. பிறகு பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். திக்குவாய், விழுங்கச் சிரமம், நாக்கு வெளியே தள்ளும் பழக்கம் என்று ஐம்பது அறுபது வருஷம் அந்தப் பக்கமே ஓடியது.

குறட்டைக்கும் இதற்கும் முடிச்சுப் போட்டவர்களில் முக்கியமானவர்கள் பாட்டு டீச்சரும் ஊதுகுழல் வாத்தியாரும். எங்களுக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்தது இந்த இடம்தான்.

இங்கிலாந்தில் எக்சிடர் நகரத்தில் அலிஸ் ஓஜே என்ற பெண்மணி, கூட்டுப்பாட்டு சொல்லிக்கொடுப்பவர். பாடினால் தொண்டைத் தசை உறுதியாகும், அப்படியானால் குறட்டை குறையுமா என்று யோசித்தார். இருபது பேரைத் தினம் இருபது நிமிஷம் மூணு மாதம் பாட வைத்து 2000ல் முடிவை வெளியிட்டார்கள். சின்ன ஆய்வு. பிறகு அதே ஊர் ஆஸ்பத்திரி டாக்டர்களுடன் சேர்ந்து 127 பேரை வைத்துப் பெரிதாகச் செய்து 2013ல் வந்தது. பகல் தூக்கமும், குறட்டை வரும் தடவையும் குறைந்தன.

அடுத்தது டிஜிரிடூ. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பகுதிப் பூர்வகுடி மக்களின் வாத்தியம். கறையான் உள்ளே அரித்துக் குடைந்த யூகலிப்டஸ் மரக்கிளைதான் குழல். யோல்ங்கு மக்கள் இதை யிடாக்கி என்பார்கள். ஆளுயரம் நீளம் இருக்கும், வண்டு ரீங்காரம் போல அடிவயிற்றைத் தொடும் சத்தம். இதை நிறுத்தாமல் ஊத வேண்டும். கன்னத்தில் காற்றைச் சேர்த்து வைத்து அதை வாயால் தள்ளிக்கொண்டே, அதே நேரம் மூக்கால் மூச்சை இழுக்க வேண்டும். நம் நாதஸ்வரக் கச்சேரியில் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவரைப் பார்த்திருப்பீர்கள், விடாமல் ஒரே சுருதி. அதே வித்தைதான்.

சுவிட்சர்லாந்தில் அலெக்ஸ் சுவாரெஸ் என்பவர் இந்த வாத்தியம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தனக்கும் தன் மாணவர்கள் சிலருக்கும், ஊதப் பழகின சில மாதத்தில் பகல் தூக்கமும் குறட்டையும் குறைந்ததைக் கவனித்தார். சூரிச் நகரத்து டாக்டர்களிடம் போய்ச் சொன்னார். அவர்கள் சிரித்து அனுப்பவில்லை. அங்கேதான் அவர்களை மெச்ச வேண்டும். நடுத்தர அளவு அப்னியா உள்ள 25 பேரை எடுத்து, குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு நாலு மாதம் டிஜிரிடூ பாடம். மறு பாதி காத்திருந்தது. ஊதினவர்கள் வாரம் சராசரியாக ஆறு நாள், நாளைக்கு 25 நிமிஷம் பழகினார்கள். பகல் தூக்கம் குறைந்தது. மூச்சு அடைப்பும் காத்திருந்தவர்களைவிட மணிக்கு 6 தடவை போலக் குறைந்தது. பக்கத்தில் படுப்பவர்களுக்கும் நிம்மதி. இங்கிலாந்தின் பெரிய மருத்துவ இதழான பிஎம்ஜேயில் இது வந்தது. 2017ல் சிரிக்கவும் வைத்து சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கிற இக் நோபெல் பரிசும் கிடைத்தது, அதுவும் சமாதானப் பரிசு. கட்டில் சண்டை தீர்ந்தால் அது சமாதானம்தானே.

உடனே எல்லா ஊது வாத்தியமும் மருந்து என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அமெரிக்காவில் இசைக்குழு வாத்தியக்காரர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கேள்வித்தாள் வைத்துக் கேட்டு 2009ல் பார்த்தார்கள். பொதுவாக ஊது வாத்தியம் வாசிப்பவர்களுக்கு ஆபத்து குறைவு என்று சொல்ல முடியவில்லை. 2012ல் இன்னொரு ஆய்வு: ஓபோ, பஸூன் போன்று இரட்டை நாணல் வைத்து ஊதுகிறவர்களுக்கு மட்டும் குறைவு. நம் நாதஸ்வரச் சீவாளியும் அந்த வகைதான். ஆனால் அவர்கள் கேட்டது வெள்ளைக்கார வாத்தியக்காரர்களிடம், அதுவும் கேள்வித்தாளில். நாதஸ்வரம் குறட்டையைத் தீர்க்கும் என்று இதை வைத்து யாராவது படம் போட்டு அனுப்பினால், அனுப்பியவரிடமே திருப்பி அனுப்புங்கள்.

வாத்தியம் எதுவும் இல்லாமல் வெறும் வாய்ப் பயிற்சியைச் சோதித்தது பிரேசில். சாவ் பாவ்லோ நகரத்தில் காத்தியா கிமாரேஸ் என்ற பேச்சுப் பயிற்சியாளர், தன் தொழிலில் பேச்சுக்கும் விழுங்குவதற்கும் கொடுக்கும் பயிற்சிகளையே குறட்டைக்காரர்களுக்காகத் தொகுத்தார். 31 பேர், எல்லாரும் நடுத்தர அளவு. பாதிப் பேருக்கு வாய்ப் பயிற்சி, பாதிப் பேருக்கு வெறும் ஆழ்ந்த மூச்சு. தினம் அரை மணி நேரம், மூணு மாதம், வாரம் ஒருமுறை நேரில் வந்து செய்து காட்ட வேண்டும். வாய்ப் பயிற்சி செய்தவர்களுக்கு மணிக்கு 22 தடவை அடைத்தது 14க்கு வந்தது. கழுத்துச் சுற்றளவுகூட ஒரு சென்டிமீட்டர் போலக் குறைந்தது. வெறும் மூச்சு விட்டவர்களுக்கு மாற்றம் இல்லை. 2009ல் இது வெளிவந்த பிறகுதான் உலகம் இந்தப் பயிற்சியைத் திரும்பிப் பார்த்தது.

அதே ஊர்க்காரர்கள் பிறகு பயிற்சியைச் சுருக்கினார்கள். ஒரு தடவைக்கு எட்டு நிமிஷம், நாளைக்கு மூணு தடவை. குறட்டையை மைக் வைத்துப் பதிந்து எண்ணினார்கள், மனைவி சொன்னதை மட்டும் எழுதிக்கொள்ளவில்லை. 39 பேர். குறட்டையின் எண்ணிக்கை 36 விழுக்காடு குறைந்தது, சத்தத்தின் மொத்த பலம் 59 விழுக்காடு குறைந்தது. அது 2015.

என்ன பயிற்சி என்று கேட்பீர்கள். நாக்கு நுனியை மேல் பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் வைத்து அழுத்தி, அப்படியே பின்னால் இழுத்துக்கொண்டு போவது, 20 தடவை. முழு நாக்கையும் அண்ணத்தோடு உறிஞ்சி ஒட்டவைப்பது, 20 தடவை. நுனி கீழ்ப்பல்லைத் தொட்டபடி இருக்க, நாக்கின் பின்பக்கத்தைக் கீழே அழுத்துவது, 20 தடவை. வாயைத் திறந்து "ஆ, ஆ" என்று விட்டு விட்டுச் சொல்லி உள்நாக்கை மேலே தூக்குவது, 20 தடவை. கண்ணாடியில் பார்த்தால் உள்நாக்கு ஏறி இறங்குவது தெரியும். அப்புறம் விரலைக் கன்னத்துக்குள் விட்டு வெளியே தள்ள, கன்னம் உள்ளே தள்ள வேண்டும், பக்கத்துக்குப் பத்து. சாப்பிடும்போது இரண்டு பக்கமும் மாறி மாறி மெல்ல வேண்டும். இவ்வளவுதான். காசு கிடையாது. பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கும், அது ஒண்ணுதான் செலவு.

சரி, இப்போது சங்குக்கு வருகிறோம். ஜெய்ப்பூரில் ஓர் இருதய ஆஸ்பத்திரியில் கிருஷ்ணா சர்மா என்ற டாக்டர். அவரிடம் வந்த சில நோயாளிகள், தினம் சங்கு ஊதிப் பழகியதிலிருந்து உடம்பு தெளிவாக இருக்கிறது, தூக்கம் நன்றாக வருகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்துக் கதை மாதிரியே இருக்கிறது பாருங்கள். முதலில் கண்டது ஊதினவர்கள். டாக்டர் அதைக் காதில் வாங்கினார். நடுத்தர அளவு அப்னியா உள்ள 30 பேரைச் சேர்த்தார்கள். 16 பேருக்குச் சங்கு, 14 பேருக்கு ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி. வாரம் ஐந்து நாள், நாளைக்குக் குறைந்தது 15 நிமிஷம், ஆறு மாதம். சங்கு ஊதினவர்களுக்குப் பகல் தூக்கம் 34 விழுக்காடு குறைந்தது, ராத்திரியில் ரத்தத்தில் ஆக்சிஜன் கொஞ்சம் கூடியது, மூச்சு அடைப்பு மணிக்கு 4, 5 தடவை குறைந்தது. 2025 ஆகஸ்டில் ஐரோப்பிய மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. உதட்டை இறுக்கிச் சுழலுக்குள் ஊதும்போது காற்றின் எதிர்ப்பும் அதிர்வும் தொண்டைக்கும் மெல்லண்ணத்துக்கும் வேலை கொடுக்கின்றன என்பது அவர்கள் கருத்து. இன்னும் பெரிய அளவில், பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து செய்யப்போவதாகவும் அவர்களே சொன்னார்கள். இவ்வளவு அடக்கமாக அவர்கள் பேசியதை நம் பார்வர்டு எப்படி ஆக்கிவிட்டது!

கணக்கு போட்டுப் பாருங்கள். பேக்டரியில் நாங்கள் பார்ப்பது கணக்குதானே. மணிக்கு 5க்குக் கீழே இருந்தால் சாதாரணம். 5 முதல் 15 வரை லேசு. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30க்கு மேல் கடுமை. மணிக்கு 20 தடவை அடைக்கிறவர் ஆறு மாதம் விடாமல் சங்கு ஊதி 15க்கு வந்தால் நல்ல முன்னேற்றம், ஆனால் நோய் போகவில்லை. மணிக்கு 50 தடவை அடைக்கிற லாரி அண்ணன் 45க்கு வந்தால்? 80 வினாடிக்கு ஒரு தடவை மூச்சு நின்றுகொண்டுதான் இருக்கிறது. அதிலும் ஜெய்ப்பூரில் கடுமையான நோயாளிகளைச் சேர்க்கவே இல்லை, சூரிச்சிலும் இல்லை. பிரேசிலின் பெயர்பெற்ற ஆய்விலும் 14க்கு இறங்கியது, 5க்கு இல்லை. 2020ல் காக்ரேன் என்ற அமைப்பு, அதுவரை வந்த வாய்ப் பயிற்சி ஆய்வுகள் ஒன்பதை ஒன்றாக வைத்துச் சலித்துப் பார்த்தது. பகல் தூக்கத்தைப் பயிற்சி குறைக்கலாம், ஆனால் அடைப்பின் எண்ணிக்கையைக் குறைப்பதில் மெஷின்தான் மேல் என்றே வந்தது. ஒன்பதும் சேர்ந்து மொத்தம் 347 பேர்தான், நம் வெள்ளிக்கிழமை பூஜைக் கூட்டம் அளவு.

இன்னொரு கேள்வியும் வருகிறது. அப்படியென்றால் முன்னோர் சும்மாவா சங்கு ஊதினார்கள் என்று. சும்மா ஊதவில்லை. கண்ணபிரான் கையில் பாஞ்சஜன்யம், அர்ஜுனனுக்குத் தேவதத்தம், பீமனுக்குப் பௌண்ட்ரம். அது போருக்கு. கோயிலில் அபிஷேகத்துக்கும் தீபாராதனைக்கும். சாவு வீட்டிலும் ஊதுகிறோம். ஆலைச் சைரனையும் நம் பெரியவர்கள் சங்கு என்றுதான் சொன்னார்கள், "சங்கு ஊதியாச்சு, கிளம்பு" என்று. யோல்ங்கு மக்களும் தங்கள் சடங்குக்குத்தான் யிடாக்கி ஊதினார்கள், குறட்டைக்கு இல்லை. சங்கின் பெருமை ஒரு மருத்துவச் சான்றிதழில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. இல்லாத பெருமையைச் சேர்த்தால், நாளைக்கு ஒரு பெரிய ஆய்வில் கணக்கு மாறி வரும்போது இருக்கிற பெருமையும் கேலியாகிவிடும்.

இது யாரோ நாலு பேர் பிரச்சினை என்றும் நினைக்க வேண்டாம். சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லாரையும் சேர்த்து எடுத்த ஆய்வு 2016ல் வந்தது. நடுத்தரமாகவோ கடுமையாகவோ மூச்சு அடைப்பு உள்ளவர்கள் ஏறக்குறைய 30 விழுக்காடு. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அது இருப்பதே தெரியாது. தெரியாமல் ரத்த அழுத்த மாத்திரை மட்டும் விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் நம் வரிசையிலும் இருப்பார்கள். அக்காமார்களே, இதில் உங்கள் சாட்சிதான் பெரிய சாட்சி. சத்தத்தை விட்டுவிட்டு, சத்தம் நிற்பதைக் கவனியுங்கள். எத்தனை வினாடி என்று எண்ணிப் பாருங்கள், கைப்பேசியில் பதிவு செய்து கிளினிக் டாக்டரிடம் போட்டுக் காட்டுங்கள். அவர் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார்.

மெஷின் வைத்திருப்பவர்கள் மெஷினோடு சேர்த்துப் பயிற்சி செய்யலாம், சங்கும் ஊதலாம். ஆறு மாதம் கழித்து மறுபடி பரிசோதனை எடுத்து, எண் இறங்கியிருந்தால், மெஷினை என்ன செய்வது என்று டாக்டர் சொல்லட்டும். மாஸ்க் உறுத்துகிறது என்றால் மாஸ்க் மாற்றலாம், காற்றின் அழுத்தத்தைச் சரிசெய்யலாம். அலமாரி மேலே ஏற்றுவதற்கு முன் வாங்கின இடத்துக்கு ஒரு போன் போடுங்க. நடுத்தர வயது தாண்டிய அன்பர்கள், கண் ஆபரேஷன் செய்தவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்கள் சங்கை முக்கி ஊதுவதற்கு முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சங்கு ஊதப் பழக விரும்புகிறவர்கள் ஞாயிறு காலை பூஜை முடிந்ததும் மண்டபத்துக்கு வரலாம். நம் தொண்டர்களில் நன்றாக ஊதுகிற இரண்டு பேர் சொல்லித் தருவார்கள். கன்னத்தை உப்பவிட்டு ஊதினால் அரை நிமிஷத்தில் தலை சுற்றும், காற்று வயிற்றிலிருந்து வர வேண்டும், அதை நேரில் பார்த்தால்தான் வரும். ஆளுக்கு ஒரு சங்கு சொந்தமாகக் கொண்டுவாருங்கள், ஒருவர் வாய் வைத்ததை இன்னொருவர் வைக்க வேண்டாம். சந்நிதிச் சங்கை யாரும் எடுக்கக் கூடாது என்று குருக்கள் ஐயா இப்போதே சொல்லிவிட்டார்.